எந்த இடத்தில் சிரிப்பு நின்றது

நகைச்சுவை நாவல் என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட ஒரு புத்தகம் 25,000 பிணங்களோடு முடியுமானால், அதை வாசித்தவர்கள் தங்களுக்குள் வாக்குவாதம் செய்துகொள்வதில் வியப்பில்லை. மார்க் ட்வைன் 1889இல் வெளியிட்ட 'ஆர்தர் மன்னனின் அவையில் ஒரு கனெக்டிகட் யாங்கி' என்ற நாவலை எங்கள் வாசகர் வட்டம் எடுத்துக்கொண்டபோது அதுதான் நடந்தது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையின் மாடியில் மாதந்தோறும் கூடும் சிறிய வட்டம் அது. பெரும்பாலும் தமிழ்ப் புத்தகங்களைத்தான் வாசிப்போம். இடையிடையே ஆங்கிலத்தில் ஒன்று வரும். காலப் பயணக் கதை வேண்டும், அதுவும் வயிறு குலுங்கச் சிரிக்க வைப்பதாக இருக்க வேண்டும் என்று இளையவர்கள் கேட்டதால் இதைத் தேர்ந்தெடுத்தோம். எச். ஜி. வெல்ஸின் 'கால இயந்திரம்' வந்தது 1895இல்தான். அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே ட்வைன், இயந்திரம் எதுவுமின்றி, மண்டையில் விழுந்த ஓர் அடியைக் கொண்டே தம் நாயகனைப் பதின்மூன்று நூற்றாண்டுகள் பின்னுக்கு அனுப்பிவிட்டார்.

கதையை வாசிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹாங்க் மோர்கன் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில், ஆயுதத் தொழிற்சாலை ஒன்றில் முரட்டு ஆட்களைக் கட்டி மேய்க்கும் தலைமை மேற்பார்வையாளன். தொழிலாளி ஒருவனோடு மூண்ட சண்டையில் கடப்பாரையால் அடிபட்டு விழுந்தவன் கண்விழிக்கும்போது அது கி.பி. 528ஆம் ஆண்டு; இடம் ஆர்தர் மன்னனின் நாடு. சிறைபிடிக்கப்பட்டுக் கட்டையில் வைத்து எரிக்கப்படவிருந்தவன், அன்றைக்குச் சூரிய கிரகணம் வரும் என்பது நினைவுக்கு வர, சூரியனையே அணைத்துவிடுவேன் என்று மிரட்டித் தப்பிக்கிறான். மன்னனுக்கு அடுத்த அதிகாரமும் அவன் கைக்கு வருகிறது. மக்கள் அவனை 'பாஸ்' என்று அழைக்கிறார்கள். நாட்டில் இரகசியமாகத் தொலைபேசிக் கம்பிகளும் பள்ளிகளும் தொழிற்சாலைகளும் முளைக்கின்றன. இரும்புக் கவசம் பூண்ட வீரர்கள் சோப்பு விளம்பரப் பலகைகளைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக அலைகிறார்கள். முடிவில் திருச்சபை எதிர்த்து நிற்க, நாடே பாஸுக்கு எதிராகத் திரும்புகிறது. அவனோடு எஞ்சுவது 14 முதல் 17 வயது வரையுள்ள 52 பையன்கள் மட்டுமே. ஒரு குகையில் இருந்துகொண்டு, மின்சாரக் கம்பி வேலிகளாலும் சுழல் துப்பாக்கிகளாலும் 25,000 வீரர்களை அவர்கள் கொன்று குவிக்கிறார்கள்.

முதல் பாதியைப் பற்றி வட்டத்தில் கருத்து வேறுபாடு இல்லை. எல்லோரும் சிரித்திருந்தார்கள். கவசத்துக்குள் அகப்பட்டுக்கொண்ட ஹாங்க் அரிப்பெடுத்தாலும் சொறிய வழியில்லாமல் தவிக்கும் பகுதியைக் கணக்காளர் தம்பி ஒருவர் எழுந்து நின்று நடித்தே காட்டினார். பன்றிக் கூட்டத்தைச் சாபத்துக்குள்ளான இளவரசிகள் என்று நம்பிக் கண்ணீரோடு கட்டித் தழுவும் சாண்டியை, ஹாங்கின் பயணத் துணையான அந்தப் பெண்ணை, எல்லோருக்கும் பிடித்திருந்தது. சிக்கல் பின்பாதியில்தான் தொடங்கியது. கணக்காளர் தம்பி, முடிவு வேறொரு நாவலுக்குரியது என்று அடித்துச் சொன்னார். ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் எங்கள் வட்டத்தில் இருக்கிறார். அவரை எல்லோரும் 'டீச்சர்' என்றே அழைப்போம். ஒரே அட்டைக்குள் இரண்டு புத்தகங்களை வைத்துத் தைத்துவிட்டார்கள் என்பது அவருடைய தீர்ப்பு.

நாவல் வெளிவந்த காலத்தில் வாசகர்கள் சண்டையிட்ட காரணம் வேறு. அமெரிக்காவில் எழுத்தாளர் வில்லியம் டீன் ஹாவல்ஸ் அதை மனமாரப் பாராட்டினார். இங்கிலாந்தில், டென்னிசனின் கவிதைகள் வழியாக ஆர்தர் மன்னனை ஏறக்குறைய வழிபட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அது அவமதிப்பாகப் பட்டது. படங்களை வரைந்த டான் பியர்ட் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினார்: மந்திரவாதி மெர்லினுக்கு டென்னிசனின் முகத்தையும், அடிமைகளை ஓட்டிச் செல்பவனுக்கு ஜே கூல்டு என்ற அமெரிக்கப் பெருமுதலாளியின் முகத்தையும் கொடுத்துவிட்டார். பிரிக்பீல்ட்ஸில் உட்கார்ந்து வாசிக்கும் எங்களுக்கு ஆர்தரின் மானத்தைப் பற்றி எந்தக் கவலையும் இல்லை. எங்கள் சண்டை, சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்பதைப் பற்றியது. ஒவ்வொருவருக்கும் அது ஒவ்வோர் இடத்தில் நின்றிருந்தது என்பதுதான் அந்த மாலை முழுவதும் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது.

முதலில் சிரிப்பு நின்றது பாகவதம் வாசித்துப் பழகிய ஓர் அம்மையாருக்கு. கிரகணக் காட்சியே அவருக்குச் சிரிப்பு வரவழைக்கவில்லை. பஞ்சாங்கத்தில் கிரகண நேரம் பார்த்து, முன்கூட்டியே சமையலை முடித்து, தர்ப்பைப் புல் போட்டு வைக்கும் வீட்டில் வளர்ந்தவரிடம் போய்ச் சூரியனை அணைப்பேன் என்றால் எப்படி மிரளுவார்? ஆரியபட்டர் தம் நூலை எழுதியது கி.பி. 499இல். சூரியனை மறைப்பது நிலவு என்றும், நிலவை மறைப்பது பூமியின் நிழல் என்றும் அதில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். ஹாங்க் வித்தை காட்டியது அதற்கு 29 ஆண்டுகள் கழித்து. ஆரியபட்டரிடம் பாடம் கேட்ட ஒரு மாணவன் அந்தக் கூட்டத்தில் நின்றிருந்தால் மிரட்டல் அங்கேயே பொய்த்துப் போயிருக்கும். கொலம்பஸ் 1504இல் ஜமைக்காத் தீவினரைச் சந்திர கிரகணத்தைக் காட்டி மிரட்டி உணவு பெற்ற செய்தி வரலாற்றில் இருக்கிறது. கொலம்பஸோ கோர்ட்டஸோ இப்படி ஒன்றைச் செய்ததாக நினைவு என்று ஹாங்கே சொல்லிக்கொள்கிறான். அந்த ஒரு வரியைச் சுட்டிக்காட்டிய அம்மையார், இது கப்பலில் வந்து இறங்கியவர்களின் தந்திரம் என்றும், அதைக் கதாசிரியர் தெரிந்தேதான் நாயகனின் கையில் கொடுத்திருக்கிறார் என்றும் சொன்னார். எனக்கு அது மிகச் சரியாகப் பட்டது.

அவரேதான் ககுத்மி மன்னனின் கதையையும் நினைவூட்டினார். மகள் ரேவதிக்கு ஏற்ற மாப்பிள்ளை யார் என்று கேட்கப் பிரம்மலோகம் சென்ற ககுத்மி, அங்கே நடந்துகொண்டிருந்த பாட்டுக் கச்சேரி முடியும்வரை சற்றே காத்திருக்கிறான். அதற்குள் பூமியில் 27 சதுர்யுகங்கள் கழிந்துவிடுகின்றன. மனத்தில் எண்ணி வைத்திருந்த மாப்பிள்ளைகளும் இல்லை, அவர்களுடைய பேரன்மாரும் இல்லை. திரும்பி வந்து பார்த்தால் மனிதர்களே உருவத்தில் சிறுத்துப் போயிருக்கிறார்கள். மணமகளின் உயரத்தைப் பலராமன் தன் கலப்பை நுனியால் குறைத்த பிறகே திருமணம் நடக்கிறது. இதுவும் சிரிக்கத் தக்க கதைதான். ஆனால் இங்கே காலம் கடந்து வருபவன் தன்னுடையது என்று சொல்ல இருந்த அனைத்தையும் இழந்து வெறுங்கையோடு வந்து நிற்கிறான். ஹாங்க் வரும்போதே தன் நூற்றாண்டின் தொழிற்சாலை முழுவதையும் தலைக்குள் சுமந்துகொண்டு வருகிறான். அவனுக்கு அந்த ஊரில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. கற்றுக்கொடுக்க மட்டுமே இருக்கிறது. அந்த நாட்டில் தன்னைவிட விவரம் தெரிந்தவர் யாருமில்லை என்று முதல் நாளே கணக்குப் போட்டுவிடுகிறான்.

எனக்குச் சிரிப்பு நின்ற இடத்தையும் சொல்லிவிட வேண்டும். தூணின் உச்சியில் நின்றுகொண்டு இடைவிடாமல் குனிந்து நிமிர்ந்து வழிபடும் ஒரு துறவியை ஹாங்க் காண்கிறான். இவ்வளவு விசை வீணாகிறதே என்று அவனுக்குத் தோன்றுகிறது. மீள்கயிறுகளைக் கட்டி, அந்த உடலின் அசைவால் ஒரு தையல் இயந்திரத்தை ஓட வைக்கிறான். நாளொன்றுக்கு 10 சட்டைகள் வீதம் ஐந்து ஆண்டுகளில் 18,000 சட்டைகளுக்கு மேல் தைத்து விற்றுவிட்டதாகப் பெருமையோடு கணக்குக் கொடுக்கிறான். துறவி ஒற்றைக் காலில் நிற்கத் தொடங்கியதும், மறு காலில் ஏதோ கோளாறு என்று கண்டு, அந்தத் தொழிலை வேறொருவர் தலையில் கட்டிவிட்டு விலகியும் விடுகிறான். அந்த மூடத்தனமான தவத்தை நானும் ஏற்கவில்லை. ஆனாலும் ஒரு மனிதனைப் பார்த்தவுடன் அவனிடமிருந்து எவ்வளவு விசை கிடைக்கும் என்று அளக்கும் கண், கடைசியில் மின்சார வேலியில் எவ்வளவு செலவில் எத்தனை பேர் சாவார்கள் என்று அளக்கும் அதே கண்தான். ஆகவே நாவல் நடுவழியில் திசைமாறிவிட்டது என்ற குற்றச்சாட்டை என்னால் ஏற்க முடியவில்லை. முடிவில் வெடிப்பது முன்பாதியின் வேடிக்கைகளில் ஏற்கெனவே இருக்கிறது.

இதற்கு மறுப்பாகக் கணக்காளர் தம்பி சொன்ன வாதம் வலுவானது. ட்வைன் இயந்திரங்களை வெறுத்தவர் அல்லர் என்றார் அவர். உண்மைதான். சிறுவயதில் அச்சகத்தில் எழுத்துக் கோத்துப் பழகியவர் அவர். பேஜ் என்பவர் உருவாக்கிய அச்சுக் கோக்கும் இயந்திரத்தில் ஏறக்குறைய 3,00,000 டாலரைக் கொட்டினார். இந்த நாவலை எழுதிக்கொண்டிருந்த ஆண்டுகளில் அந்த இயந்திரம் தம்மைக் கோடீசுவரராக்கும் என்று முழுமையாக நம்பினார். அது சந்தையில் எடுபடாமல் போக, 1894இல் திவாலானார். இயந்திரத்தை இவ்வளவு காதலித்த ஒருவர் அதைச் சபிப்பதற்காக நாவல் எழுதியிருக்க முடியாது என்பது தம்பியின் கட்சி. நான் இதை வேறுவிதமாகப் பார்க்கிறேன். காதலித்தவர் எழுதியதால்தான் முன்பாதியின் மகிழ்ச்சி போலியாக இல்லை. தொலைபேசி மணி முதன்முதலாக ஒலிக்கும்போது நமக்கும் உடம்பு சிலிர்க்கிறது. அந்தச் சிலிர்ப்பு உண்மையாக இல்லாவிட்டால் முடிவும் வெறும் உபதேசமாகப் போயிருக்கும்.

இவ்வளவு நேரம் பேசாமல் இருந்தவர் கிள்ளானுக்கு அருகில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெரியவர். தாயும் தந்தையும் பால்மரம் வெட்டி, அதாவது மரப்பட்டையைக் கீறி, ரப்பர்ப் பால் எடுத்தவர்கள். அவர் தம் பிரதியில் இரண்டு இடங்களில் பேருந்துச் சீட்டுகளைச் செருகி வைத்திருந்தார். முதலாவது, கூலியைப் பற்றிய 33ஆம் அத்தியாயம். மன்னனோடு மாறுவேடத்தில் நாட்டைச் சுற்றும் ஹாங்க், டௌலி என்ற கொல்லனோடு வாதிடுகிறான். எங்கள் ஊரில் கூலி உங்கள் ஊரைப் போல் இரண்டு மடங்கு என்று டௌலி நெஞ்சை நிமிர்த்துகிறான். ஹாங்கின் ஊரில் 25 மில்ரே (அந்த நாட்டுச் சில்லறைக் காசு) என்றால் டௌலியின் ஊரில் 50. உப்பு என்ன விலை என்று ஹாங்க் கேட்கிறான். டௌலியின் ஊரில் 100, ஹாங்கின் ஊரில் 40. இறைச்சி டௌலியின் ஊரில் 75, ஹாங்கின் ஊரில் 33. முட்டை ஒரு டஜன் டௌலியின் ஊரில் 50, ஹாங்கின் ஊரில் 20. டௌலியின் ஊரில் கூலி இரண்டு மடங்கு, விலையோ இரண்டு மடங்குக்கும் மேல். அப்படியானால் யாருடைய கூலி பெரியது? டௌலிக்கு விளங்கவில்லை. ஐம்பது இருபத்தைந்தைவிடப் பெரியது என்பதிலேயே நிற்கிறான். சுற்றியிருப்பவர்களும் அவன் பக்கமே.

இளையவர்கள் இந்த அத்தியாயத்தை அலுப்பு என்று தாண்டிப் போயிருந்தார்கள். பெரியவர் அதை எங்களுக்கு வரிவரியாக விளக்கினார். பெரட்டில், அதாவது விடியற்காலை ஆள்கணக்கெடுப்பில், பெயர் கொடுத்துவிட்டு மரம் வெட்டப் போனவர்களின் சம்பளம், கைக்கு வருவதற்கு முன்பே கடைக் கணக்கில் அரிசியும் உப்பும் கருவாடுமாகக் கழிந்துவிடும். இத்தனை வெள்ளி சம்பளம் என்று தோட்டத்து எழுத்தரான கிராணி வாசிக்கும் தொகைக்கும் வீட்டுக்கு வந்து சேரும் காசுக்கும் இடையிலிருந்த தூரத்தை அம்மா விரல்விட்டு எண்ணிக் காட்டுவார் என்றார். ஹாங்கின் கணக்கு அவருக்கு உடனே விளங்கியிருக்கிறது. ஆனால் அவருடைய கோபமும் ஹாங்கின் மேல்தான். "கணக்கு சரிதான் தம்பி. ஆனா, கணக்குச் சொல்றவன் அந்தக் கொல்லனுக்குப் புரிய வைக்கணும்னு சொல்லலை, அவன் மூக்கை உடைக்கணும்னு சொல்றான்" என்றார். வாதம் நடந்த விருந்தின் செலவான நான்கு டாலரை ஹாங்க் அலட்சியமாகத் தூக்கிக் கொடுத்து, அதுவரை தன் செல்வத்தைச் சொல்லி மகிழ்ந்த கொல்லனை வாயடைக்க வைத்தது அதற்குச் சற்று முன்புதான். வாதத்தில் தோற்ற எரிச்சலில் ஹாங்க் டௌலியிடம், சட்டம் விதித்ததற்கு மேல் கூலி கொடுத்த குற்றத்துக்காக உன்னைத் தண்டிக்க முடியும் என்று மிரட்டுகிறான். வெலவெலத்துப் போனவர்கள் அவன்மீது பாய்கிறார்கள். அந்தக் கலவரத்தின் தொடர்ச்சியாகத்தான் மன்னனும் ஹாங்கும் அடிமைச் சந்தையில் விற்கப்படுகிறார்கள். மன்னனுக்கு 7 டாலர், ஹாங்குக்கு 9 டாலர். தொழிலாளிக்காகவே பேசுவதாகச் சொல்லும் ஒருவன் தொழிலாளியிடம் பேசத் தெரியாமல் தோற்பதைப் பற்றி இவ்வளவு நுட்பமான காட்சியை நான் வேறெங்கும் வாசித்ததில்லை.

இரண்டாவது பேருந்துச் சீட்டு 38ஆம் அத்தியாயத்தில் இருந்தது. அடிமைகளோடு மன்னனும் தூக்குமேடையில் நிற்கிறான். கழுத்தில் சுருக்கு விழப்போகும் நொடியில், ஹாங்க் தொலைபேசியில் சொல்லி அனுப்பிய உதவி வருகிறது: ஆர்தரின் வீரனான லான்சலாட்டின் தலைமையில், முழுக் கவசம் அணிந்த 500 வீரர்கள் சைக்கிளில் பறந்து வருகிறார்கள். ஆரக்கால்கள் வெயிலில் மின்ன, தலைக்கவச இறகுகள் அலைபாய அவர்கள் வரும் காட்சி நாவலின் சிரிப்புக்கெல்லாம் உச்சம். எங்களில் பலர் அந்தப் பக்கத்தைத் தமக்குப் பிடித்த பக்கமாகக் குறித்து வந்திருந்தோம்.

பெரியவருக்கு அங்கே சிரிப்பு வரவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தைப் பற்றி அவர் பேசத் தொடங்கினார். அவர் பிறப்பதற்கு முந்தைய கதை. தந்தை சொல்லக் கேட்டது. ஆர். எச். நாதன் தலைமையிலான கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் முன்வைத்த கோரிக்கைகளில், சீனத் தொழிலாளர்களுக்கு இணையான சம்பளம், பிள்ளைகளுக்குப் பள்ளி, கள்ளுக்கடைகளை மூடுதல் ஆகியவற்றோடு இன்னொன்றும் இருந்தது. வெள்ளைக்காரத் துரையோ தோட்டத்து அலுவலரோ எதிர்ப்பட்டால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கித்தான் நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பது அது. அந்த ஆண்டு மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார், படை வரவழைக்கப்பட்டது, தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சைக்கிளில் ஏறி உட்கார்ந்தபடியே துரையைக் கடந்து செல்லும் உரிமையையும் கேட்டு மனிதர்கள் வேலையை நிறுத்திய மண் இது.

அதன்பின் அந்தப் பக்கத்தை மறுபடி வாசிக்கச் சொன்னார். நாங்கள் கவனிக்காமல் கடந்துவிட்ட ஒன்று அங்கே இருந்தது. சைக்கிள் படை வருவதற்கு முன்பே மூன்று அடிமைகள் ஒருவர்பின் ஒருவராகத் தூக்கில் தொங்கிவிட்டார்கள். அவர்கள் அந்த மேடைக்கு வந்ததற்கே ஹாங்க் தப்பி ஓடியதுதான் காரணம். அந்த ஆத்திரத்தில் எசமானன் அடிமைகளை அடித்து நொறுக்க, அவர்கள் அவனைக் கொன்றுவிட, எல்லோருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. "சைக்கிள் ராஜாவுக்குத்தான் வந்துச்சு. அந்த மூணு பேருக்கு வரலை" என்றார் பெரியவர். படை வந்து சேர்ந்ததும், பிறப்பால் யாரும் உயர்ந்தவரில்லை என்று புத்தகம் முழுவதும் முழங்கிய ஹாங்க், மண்டியிட்டு மன்னனை வணங்குங்கள் என்று கூட்டத்துக்கு ஆணையிடுகிறான். இதை ட்வைன் கவனமில்லாமல் எழுதியிருப்பார் என்று நான் நம்பவில்லை. அடிமைகள் தொங்குவதை எண்ணி எண்ணிச் சொல்லிவிட்டுத்தான் அவர் சைக்கிள்களை வரவிடுகிறார். சிரிப்பவர்கள் அந்த மூவரைத் தாண்டிக்கொண்டுதான் சிரிக்க வேண்டியிருக்கிறது.

டீச்சர் கடைசியில் ஒரு யோசனை சொன்னார். மாலை வகுப்புக்குத் தம்மிடம் வரும் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு இந்தக் கதையை 38ஆம் அத்தியாயம் வரை சொல்லி, சைக்கிள் படையோடு மங்களமாக முடித்துவிடலாம் என்றார். அந்த வயதில் மின்சார வேலியும் பிணக் குவியலும் வேண்டாம் என்பது அவருடைய எண்ணம். பிள்ளைகளை நன்கு அறிந்தவர் என்பதால் அவர் சொல்லை எளிதில் தட்ட முடியாது. ஆனாலும் நான் உடன்படவில்லை. அந்த 52 பேரும் அதே வயதுப் பையன்கள். ஹாங்கின் பள்ளிகளில் படித்து, அவன் சொன்னதையெல்லாம் நம்பி, கடைசியில் தாங்கள் கொன்றவர்களின் உடல்கள் அழுகிப் பரவிய நச்சுக் காற்றில் தாங்களும் நோயுற்று வீழ்கிறார்கள். அந்தப் பகுதியை மறைத்துவிட்டால் மாணவர்களின் கையில் மிஞ்சுவது, புத்திசாலி ஒருவன் முட்டாள்களின் நாட்டுக்குப் போய் வென்று வந்த கதை மட்டுமே. ட்வைன் எழுதியது அந்தக் கதை அன்று. முழுவதையும் கொடுங்கள், கூலி அத்தியாயத்தில் மட்டும் அவசரப்படாமல் நில்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அந்த வகுப்புக்குத் தாமே வந்து பெரட்டையும் கடைக் கணக்கையும் கரும்பலகையில் எழுதி விளக்குவதாகப் பெரியவர் சொல்லியிருக்கிறார். டீச்சர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.